கல்மரங்கள் சொல்லும் வெப்பக் கணக்கு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் உலகம் வெப்பமடைவதைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். நமக்குப் பள்ளிப் படிப்பு, விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு என்று பேச வேண்டியவை எத்தனையோ உள்ளன. எனினும், வெயிலில் நின்று உழைப்போரும், பள்ளத்தில் குடியிருப்போரும் மிகுதியாக உள்ள ஒரு சமுதாயம் வெயிலையும் வெள்ளத்தையும் பற்றிக் கற்காமல் இருக்க முடியாது. ஆகவேதான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

இன்று படித்தவர்கள் சிலரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "உலகம் தோன்றிய நாள் முதல் வெப்பமும் குளிரும் மாறி மாறித்தானே வந்திருக்கின்றன? இதைவிடப் பெரிய மாற்றங்களையெல்லாம் பூமி பார்த்திருக்கிறதே! இப்போது மட்டும் என்ன புதிது?" என்பதே அக்கேள்வி. இது தட்டிக் கழிக்க வேண்டிய கேள்வியன்று. விடை சொல்ல வேண்டிய கேள்வி. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. அந்தப் பாதி உண்மைக்குச் சான்று நம் மாவட்டத்து மண்ணிலேயே கிடக்கிறது. மறு பாதியையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நமக்கு வரவிருப்பது என்ன என்பது விளங்கும்.

நம் மண்ணின் சாட்சி

வானூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருவக்கரையை நீங்கள் அறிவீர்கள். கோயிலுக்குப் போனவர்கள் பலர். கல்மரப் பூங்காவை நின்று பார்த்தவர்கள் சிலரே. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரரான சொன்னரா 1781ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாத்து வருகிறது. அம்மரங்களில் கிளையும் இல்லை, இலையும் இல்லை, அடிமரங்களே உள்ளன. வேறோரிடத்தில் வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் புரட்டிக் கொண்டுவந்து மணலில் புதைத்தது என்றும், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நார் நாராகப் புகுந்து அதைக் கல்லாக்கியது என்றும் அறிஞர் விளக்குகின்றனர்.

மரம் கல்லானாலும் அதன் நாரமைப்பு மாறுவதில்லை. மெல்லிய சில்லாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அது எந்தக் குடும்பத்து மரம் என்று கண்டுகொள்ளலாம். இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 செண்டிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்கிறது. ஆனால் இந்தக் கல்மரக் கூட்டத்தில் குங்கிலியக் குடும்பத்து மரங்களும் இருந்தன எனக் கண்டிருக்கிறார்கள். அக்குடும்பத்தின் மரங்கள் பல இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளர்கின்றன. அப்படியானால் இந்தச் செம்மண் மேட்டு நிலத்தின் பக்கம் ஒரு காலத்தில் ஈரம் மிகுந்த பெருங்காடு இருந்தது என்பது தெளிவு.

இன்னும் பின்னே போனால், வழுதாவூர்ப் பகுதிப் பாறைகளில் அம்மோனைட்டு எனப்படும் கடல் உயிரிகளின் எச்சங்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை புரண்டுகொண்டிருந்தது. நாம் நெல்லும் மணிலாவும் பயிரிடும் நிலம், காடாகவும் கடலாகவும் இருந்த நிலமே. எனவே, பூமி பெரிய மாற்றங்களைப் பார்த்திருக்கிறது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை இங்கே கருத வேண்டும். பழங்காலத்தையும் வருங்காலத்தையும் ஒப்பிடும்போது, அன்றிருந்த இடமே இன்றும் இருக்கிறது என்று கொள்ளலாகாது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 4 அல்லது 5 செண்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. 2 கோடி ஆண்டுகளில் அது பல நூறு கிலோமீட்டர். கல்மரங்கள் பச்சை மரங்களாக நின்ற நாளில் நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருந்தது. மழைக்காடு செழித்ததற்கு உலகம் அன்று வெப்பமாக இருந்தது மட்டுமன்றி, நம் நிலம் இருந்த இடமும் காரணம். ஆகையால், "அன்று வெப்பம் மிகுந்திருந்தபோது இங்கே காடு செழித்தது, இனியும் வெப்பம் மிகுந்தால் காடு செழிக்கும்" என்று கணக்குப் போடுவது தவறாகும்.

பனியுகமும் வெள்ளி விழாவும்

இனி மனிதன் வாழ்ந்த காலத்துக்கு வருவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலை மலையாகப் பனிக்கட்டி. அத்தனை நீரும் நிலத்தின் மேல் உறைந்து நின்றதால், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மரக்காணத்துக் கடற்கரை அன்று பல கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம்.

நம் நாட்டில் அன்று நிலைமை எப்படி? நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மக்கிய மண்ணை ராமன் சுகுமார் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். வறண்ட காலத்துப் புல்லும் ஈரமான காலத்துச் செடியும் தம்முள் சேர்க்கும் கரியின் வகையில் நுட்பமான வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைக் கொண்டு, பனியுக உச்சத்தில் தென்னிந்தியா வறண்டிருந்தது என்றும், பனியுகம் முடிந்து வந்தபோது பருவமழை வலுத்து ஈரம் மிகுந்தது என்றும் கண்டனர். அதாவது, வடதுருவத்தில் பனிக்கட்டி கூடிக் குறைவது நீலகிரிப் புல்லிலும் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பனியுகம் முடிய எவ்வளவு காலம் ஆயிற்று? உலகின் சராசரி வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் உயர ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பிடித்தன. இப்போது நம் வெள்ளி விழாவை அளவுகோலாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். அந்த வேகத்தில் 25 ஆண்டுகளுக்கு எவ்வளவு உயர்வு? ஒரு டிகிரியில் நூறில் ஒன்றரைப் பங்கு, அதாவது 0.015 டிகிரி. காய்ச்சல் பார்க்கும் கருவியில் கூடத் தெரியாத அளவு. இன்றோ உலகம் பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி வீதம் வெப்பமடைந்து வருகிறது. இச்சங்கம் நடந்து வந்த 25 ஆண்டுகளில் மட்டும் சுமார் அரை டிகிரி. பனியுகம் முடிந்த வேகத்தைப் போல் முப்பது மடங்குக்கும் மேல்!

நம் ஏரியை நினைத்துப் பாருங்கள். மதகு வழியாக வரும் நீரும் ஏரி நீர்தான். கரை உடைந்து வரும் நீரும் அதே ஏரி நீர்தான். முன்னது நாற்று வளர்க்கிறது. பின்னது வீட்டை அடித்துக்கொண்டு போகிறது. நீரின் அளவு ஒன்றே ஆனாலும் வரும் வேகம் வேறு. பழங்காலத்து வெப்ப மாற்றங்களில் பெரும்பாலானவை மதகு நீர். இப்போது வருவது உடைப்பு நீர்.

திடீர் மாற்றங்கள் பண்டைக் காலத்தில் இல்லையோ எனின், இருந்தன. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் வெப்பநிலை பல டிகிரி உயர்ந்தது. ஆனால் அது ஒரு வட்டாரத்தின் மாற்றம். உலகம் முழுவதன் சராசரியும் அவ்வாறு எகிறவில்லை. உலகச் சராசரி வேறு, வட்டார வெப்பம் வேறு என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். இன்று உலகம் முழுவதும் ஒருசேர வெப்பமடைகிறது. அதனுள்ளே ஒவ்வொரு வட்டாரமும் தன் தன் போக்கில் மாறுகிறது.

காரணம் யாது?

பனியுகங்கள் வந்து போனதற்கு மூல காரணம், பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் அதன் அச்சுச் சாய்விலும் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழும் சிறு மாற்றங்கள். கடலிலிருந்து வெளிப்பட்ட கரியமில வாயு அந்த மாற்றத்தைப் பெரிதாக்கியது. அன்டார்டிகாவின் பழம் பனிக்கட்டிக்குள் அக்காலக் காற்றுக் குமிழ்கள் சிறைப்பட்டிருக்கின்றன. அவற்றை அளந்து, பனியுகத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 190 பங்கும், அதன் பின் தொழிற்புரட்சி வரையில் சுமார் 280 பங்கும் இருந்ததாகக் கண்டனர். 2024இல் அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. குறைந்தது 20 லட்சம் ஆண்டுகளில் இல்லாத அளவு இது.

அந்தக் காலத்தின் நீளத்தைச் சிறிது எண்ணுங்கள். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011இல் அறிவித்தனர். தமிழ் நிலத்தில் கல்லைச் செதுக்கிய முதல் கையிலிருந்து நம் தாத்தன் பாட்டி வரையில், இத்தகைய காற்றை மூச்சிழுத்தவர் ஒருவரும் இலர். இதற்கு ஒப்பான காற்று இருந்த காலம் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அன்று உலகம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட இரண்டரை முதல் 4 டிகிரி வெப்பமாகவும், கடல் 5 முதல் 25 மீட்டர் உயரமாகவும் இருந்தது. பனிக்கட்டி மெல்லத்தான் உருகும். அந்தக் கடல் நாளையே நம் வாசலுக்கு வராது. ஆனால் எந்தத் திசையில் போகிறோம் என்பதை அது காட்டுகிறது.

இந்த வாயு எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் பெட்ரோலும் எரிவாயுவும் எரித்ததால் வந்தது. இதற்கும் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. திருவக்கரையில் மரம் கல்லாயிற்று. நெய்வேலியில் சதுப்புக் காடு பழுப்பு நிலக்கரியாயிற்று. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்குள் உறங்கிய அந்தக் கரியை 1960களிலிருந்து நாம் எரித்து வருகிறோம். அந்த மின்சாரத்தில்தான் நம் பிள்ளைகள் படித்தார்கள்; ஆகவே அதை நன்றியின்றிப் பேச வேண்டியதில்லை. ஆயினும் காற்றின் கணக்கில் நன்றி, நன்றியின்மை இரண்டும் இல்லை. எரித்த கரி காற்றில் சேர்ந்தே தீரும். இதில் இன்னொரு நியாயமும் உண்டு. ஓர் இந்தியர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அந்த இந்தியருள்ளும் மின்விசிறி மட்டுமே உள்ள தொகுப்பு வீட்டுக்காரர் வெளியிடுவது எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எரித்தவர் ஒருவர், வேகுபவர் மற்றொருவர்.

நம் வட்டாரத்துக்கு வருவது

மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்தது. எரிப்பதைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அண்மைக் காலச் சராசரியைவிடச் சுமார் 4.4 டிகிரி உயரக்கூடும் என்றும் அது கூறுகிறது. இது மேல் எல்லை. உலக நாடுகள் இன்று செல்லும் பாதை இதைவிடச் சற்றுக் குறைந்த உயர்வையே தரும். இன்னும் குறைக்கவும் முடியும். ஆனால், பனியுகத்துக்கும் நமக்கும் இடையேயுள்ள வேறுபாடே 6 டிகிரிதான் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று டிகிரி என்பது சிறிய எண் அன்று.

துருவங்கள் மிகுதியாக வெப்பமடைகின்றன. நம்மைப் போன்ற வெப்ப நாடுகள் அவற்றினும் குறைவாகவே வெப்பமடைகின்றன. இது உண்மை. இதைக் கேட்டு நாம் ஆறுதல் கொள்ளலாமா? கூடாது. குளிர் நாட்டில் 10 டிகிரி 13 ஆனால் சட்டை ஒன்றைக் கழற்றுவார்கள். இங்கே சித்திரை வெயில் 40 டிகிரி 42 ஆனால் எதைக் கழற்றுவது? மனித உடல் வியர்வையால் குளிர்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் குளிர்ச்சி. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை உலராது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டும் நிலையில், நிழலில் சும்மா இருப்பவருக்கும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. உழைப்பவருக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து வந்துவிடும். நம் கடலோர வட்டாரத்தில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தே வருகின்றன.

மரக்காணத்து உப்பளங்களை நினையுங்கள். உப்பு விளைய வெயில் வேண்டும். ஆகவே கடும் வெயிலே அங்கே வேலைக் காலம். நிழல் இல்லை, தரையில் வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் ஆய்வு நடத்தினர். பெரும்பாலோர் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிய வெப்பத்தில் உழைக்கின்றனர் என்றும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுள்ளது என்றும் கண்டனர். தமிழ்நாட்டில் வேலைக்குச் செல்லும் கருவுற்ற பெண்கள் 800 பேரிடையே அவர்கள் நடத்திய மற்றோர் ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இருமடங்கு என்று கூறுகிறது. தாய்மார்களே, இது உங்களையும் உங்கள் மகள்களையும் பற்றிய செய்தி.

வெப்பத்தோடு மழையும் மாறுகிறது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கிய நீரை ஒரே மூச்சில் கொட்டவும் செய்யும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆண்டு முழுவதும் பெய்வதில் ஏறத்தாழப் பாதி! அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருநீர் தென்பெண்ணையில் வந்தது. ஒரு புயலுக்கு வெப்பமயமாதல் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்லார். ஆனால் கடல் சூடாகச் சூடாக இத்தகைய பெருமழைக்கு வாய்ப்புக் கூடுகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரையில் சுமார் ஒரு டிகிரி சூடேறியுள்ளது.

நடந்து போக வழி உண்டா?

அன்பர்களே, நான் சொல்ல வந்த முக்கியமான கருத்து இனித்தான் வருகிறது. பண்டை மாற்றங்களுக்கும் வரப்போகும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு வேகம் மட்டுமன்று. அன்று மனிதன் இடம்பெயர முடிந்தது, இன்று முடியவில்லை.

பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது, சராசரியாக நூறாண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறியது. இன்று வடஇந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் என்று 1993 முதல் 2017 வரையிலான கணக்குச் சொல்கிறது. கடலை மட்டும் எடுத்துக்கொண்டால் அன்றுதான் வேகம் அதிகம்! ஆயினும் அன்றைய மக்கள் வேட்டைக் கருவிகளை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். அவர்களைத் தடுக்க வேலி இல்லை, பட்டா இல்லை, "இது எங்கள் தெரு, இங்கே வராதே" என்று சொல்ல ஆளும் இல்லை.

சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நெடுங்காலம் மெலிந்தது. மேகாலயாவின் மாம்லுக் குகைச் சுண்ணாம்பு விழுதில் அதன் சுவடு பதிந்திருக்கிறது. அதனால், அந்த நாள் முதல் இன்று வரையான காலத்துக்கு 2018இல் உலகப் புவியியலார் மேகாலயக் காலம் என்றே பெயரிட்டனர். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்து, மக்கள் கிழக்கே பரவிச் சிற்றூர்களில் வாழத் தலைப்பட்டதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நகரம் அழிந்தது; மக்கள் நகர்ந்தார்கள், பிழைத்தார்கள்.

இனி நமக்கு நெருங்கிய காலத்தைப் பாருங்கள். 1876இல் மழை பொய்த்தது. பசிபிக் கடலின் வெப்பம் ஓரிரு ஆண்டுகள் மாறியதே அந்தப் பெரும் வறட்சிக்குப் பின்னிருந்த இயற்கைக் காரணம். பனியுகத்தோடு ஒப்பிட்டால் அது தூசு. ஆனால் தாது வருடப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். தென்னார்க்காடும் செங்கல்பட்டும் வாடின. சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது. ஆந்திரத்திலிருந்து கடலோரமாக வந்து மரக்காணம் பகுதியில் முடியும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரப் பகுதி, அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் 1877–78இல் வெட்டப்பட்டது. நிலமுள்ளவர் நிலத்தை அடகு வைத்தார். நிலமில்லாதவர் உடம்பை அடகு வைத்துக் கப்பலேறினார், அல்லது சாலையோரம் விழுந்தார். அவ்வாறு விழுந்தவர்களில் நம் மூதாதையர் எத்தனை பேர் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

பஞ்சத்துக்குப் பின் 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், நம் மக்கள் நிலமின்றியும் குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமையின்றியும் கிடப்பதை விரிவாக அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்நிலங்கள் பின்னர் எப்படிக் கைமாறின என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது இதுதான்: தட்பவெப்பம் மாறும்போது ஒருவன் சாவதும் பிழைப்பதும் எத்தனை டிகிரி என்பதை மட்டும் பொறுத்ததன்று, அவன் காலின் கீழ் யாருடைய நிலம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. பல ஊர்களில் ஊர்த்தெரு மேட்டிலும் நம் குடியிருப்பு ஏரிக் கலங்கலின் கீழும் ஓடைப் பள்ளத்திலும் அமைந்திருப்பது தற்செயல் அன்று. மயிலத்தில் 51 செண்டிமீட்டர் மழை எல்லார் தலையிலும் ஒன்றாகத்தான் பெய்தது. ஆனால் நீர் பள்ளத்தைத் தேடித்தானே ஓடும்?

இளைஞர்களுக்கு

இவற்றைக் கேட்டு அஞ்சிப் பயனில்லை. செய்ய வேண்டியவை சில உள.

முதலாவது, இந்தத் துறைகளில் நம் பிள்ளைகள் நுழைய வேண்டும். மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி என்ற மூன்று வாசல்களையே நாம் தட்டி வந்திருக்கிறோம். புவியியல், வானிலையியல், நீரியல், கடலியல் ஆகிய வாசல்களும் திறந்தே இருக்கின்றன. வெள்ள வரைபடம் எழுதும் மேசையில் நம்மவர் ஒருவர் இருந்தால், நம் தெரு அந்த வரைபடத்தில் விடுபடாது.

இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். 2024 வெள்ளம் எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது, எந்த வாய்க்கால் அடைபட்டது, எந்தக் கரை உடைந்தது, எந்த நாளில் வெயில் தாளாமல் வேலை நின்றது என்று தேதியிட்டு எழுதுங்கள். நீலகிரிச் சதுப்பும் மேகாலயக் குகையும் தம் காலத்தை எழுதி வைத்ததால்தான் நாம் இன்று படிக்கிறோம். நம் காலத்தை நாம் எழுத வேண்டும். கிராம சபையில் வெறும் வாயால் சொல்வதைவிட எழுதிய கணக்கைக் காட்டிக் கேட்பது வலுவுடையது.

மூன்றாவது, வெப்பத்தைப் பேரிடர் என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என ஆணையிட்டது. வெயிலில் விழுந்தவர் இறப்பை "நெஞ்சுவலி" என்று மட்டும் எழுதிவிட்டால் அந்த உரிமை போய்விடும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வதும், உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் நண்பகல் ஓய்வும் நிழலும் குடிநீரும் கேட்பதும் கற்ற இளைஞரின் கடமை.

நான்காவது, புதிய மனை கேட்கும்போது மேட்டு மனை கேளுங்கள். எண்ணிக்கைக்கு ஒரு பட்டா என்று பள்ளத்தில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு மகிழாதீர்கள். வரப்போகும் மழை பழைய மழை அன்று என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, கழுவேலி ஏரியைக் காப்பது நம்மைக் காப்பதாகும். 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தப் பரந்த நீர்ப்பரப்பு, பெருமழை நீரை உள்வாங்கி மெல்லக் கடலுக்கு விடுகிறது. கடல் ஏறும்போதும் முதலில் அறியப் போவது அந்தத் தாழ்நிலமே. ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்பது அடுத்த 25 ஆண்டுகளில் 8 செண்டிமீட்டர். மலையடிவாரத்துக்கு அது ஒன்றுமில்லை. உப்பளத்துப் பாத்திக்கு அது வாழ்வும் சாவும்.

பெரியோர்களே, திருவக்கரை மரங்கள் வெள்ளத்தில் வந்தன, புதைந்தன, கல்லாயின. அவற்றுக்கு வேறு வழி தெரியாது. நமக்கு அறிவு உண்டு, அமைப்பு உண்டு, 25 ஆண்டுகளாகக் கூடிப் படித்த பழக்கம் உண்டு. இச்சங்கம் பொன்விழாக் கொண்டாடும் நாளில் உலகம் இன்றைவிட வெப்பமாக இருக்கும், அதில் ஐயமில்லை. அன்று நம் மக்கள் மேட்டில் இருப்பார்களா, பள்ளத்திலேயே இருப்பார்களா என்பதுதான் இன்னும் முடிவாகாதது. அதை முடிவு செய்யும் பொறுப்பு இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுடையது.